விஎம்கோரை வெண்டருக்கு அனுப்பலாமா? கெர்னல் கிராஷ் ரிப்போர்ட்டில் எதை மறைப்பது, எதை விடுவது

பெருங்குடி_அட்மின்:

வணக்கம். ஓஎம்ஆரில் ஒரு சின்ன கம்பெனியில் லினக்ஸ் சர்வர்களைப் பார்த்துக்கொள்கிறேன். ரத்தப் பரிசோதனை நிலையங்களுக்கான சாஃப்ட்வேர் எங்களுடையது. சென்னையில் பல லேப்களின் ரிசல்ட் எங்கள் சர்வர்களில்தான் இருக்கிறது, அதாவது நோயாளியின் பெயர், வயது, போன் நம்பர், என்ன டெஸ்ட், என்ன ரிசல்ட் எல்லாமே.

பிரச்சினை ஒரு ஸ்டோரேஜ் கார்டின் டிரைவரில். லினக்ஸின் மையமான கெர்னலோடு வரும் டிரைவர் இல்லை, கார்டு விற்றவர்கள் தனியாகக் கொடுத்தது. காலையில் வெறும் வயிற்று டெஸ்ட்டுக்கு கூட்டம் வரும் நேரத்தில் லோடு ஏறும், அப்போதுதான் கெர்னல் பேனிக் ஆகிறது, அதாவது சர்வரே நின்றுவிடுகிறது. அந்த நேரத்தில் மெமரியைப் பதிவுசெய்யும் கேடம்ப் சரியாக வேலை செய்கிறது, ஒவ்வொரு முறையும் விஎம்கோர் என்ற மெமரி நகல் ஃபைல் கிடைக்கிறது. வெண்டர் சப்போர்ட்டில், விஎம்கோரையும் முழு டிமெசேஜையும் (கெர்னல் லாக்) எங்கள் போர்ட்டலில் ஏற்றுங்கள், இல்லையென்றால் கேஸை மேலே எடுத்துப் போக முடியாது என்கிறார்கள்.

எங்கள் டீமில் ஒரு தம்பி ஸ்கிரிப்ட் ஒன்று எழுதியிருக்கிறார். டிமெசேஜில் இருக்கும் எல்லா 16 இலக்க ஹெக்ஸ் எண்களையும் அது நட்சத்திரக் குறியாக மாற்றிவிடும். கெர்னல் அட்ரஸ் வெளியே போகக் கூடாது என்று எல்லாரும் சொல்கிறார்களே, இது போதும் என்பது அவர் கருத்து. எனக்கு அட்ரஸைவிட நோயாளிகளின் விவரம் போய்விடுமோ என்பதுதான் பெரிய கவலை. விஎம்கோர் என்பது மெமரியின் நகல்தானே, அதற்குள் என்ன இருக்கிறது என்று நான் எப்படி உறுதி சொல்வது?

இன்னொன்றும் கேட்க வேண்டும். விழுந்தபோது ஓடிய ஃபங்ஷன்களின் வரிசையில் (ஸ்டேக்) கெர்னலின் சொந்த டிஸ்க் பகுதியான பிளாக் லேயர் ஃபங்ஷன்களும் வருவதால் ஊப்ஸை (கெர்னல் அச்சிடும் பிழை அறிக்கை) கெர்னல் மெயிலிங் லிஸ்ட்டிலும் போடலாமா என்று யோசிக்கிறோம். அது பொதுவெளி. அங்கே போடும்போது எதை எடுத்துவிட வேண்டும்?

கிண்டி_கெர்னல்:

தம்பியின் அக்கறை நல்லது, ஆனால் அந்த ஸ்கிரிப்டை அப்படியே ஓட்டாதீர்கள். டெவலப்பருக்குத் தேவையானதை அழித்துவிட்டு, வெளியே போகக் கூடாததை அது அப்படியே விட்டுவிடுகிறது. அட்ரஸ் கசிவதும் உள்ளடக்கம் கசிவதும் வேறு வேறு பிரச்சினைகள், இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பிக்கொள்ளக் கூடாது.

முதலில் அட்ரஸ். கேஏஎஸ்எல்ஆர் என்பது ஒவ்வொரு பூட்டிலும் தாக்குபவர் ஊகிக்காதபடி மெமரியில் கெர்னல் உட்காரும் இடத்தை மாற்றி வைக்கும் வேலை. எக்ஸ்86 64 பிட்டில் 2017இல் வந்த 4.12 முதல் அது இயல்பாகவே ஆன் ஆகியிருக்கும். கெர்னல் கோடு 1 ஜிபி பரப்பில் 2 எம்பி படிகளில் நகர்கிறது, அதனால் மொத்தமே ஐந்நூறு சொச்சம் இடங்கள்தான். ஒரே ஒரு ஃபங்ஷனின் நிஜ அட்ரஸ் தெரிந்தால் மீதி எல்லாம் தெரிந்த மாதிரி. அதனால்தான் 2018 ஜனவரியில் வந்த 4.15இல் கெர்னல் லாக்கில் எழுதும் பிரிண்ட்கேயில் அட்ரஸை அச்சிடும் குறியான %பி, நிஜ அட்ரஸுக்குப் பதிலாக ஹாஷ் செய்த (உருமாற்றிய) மதிப்பை அச்சிட ஆரம்பித்தது. ஆனால் ஊப்ஸ் வரும்போது ரெஜிஸ்டர்கள் (சிபியூ அந்த நொடியில் கையில் வைத்திருக்கும் மதிப்புகள்) அப்படியே அச்சாகும், அங்கே ஹாஷ் கிடையாது. பேனிக் என்றால் கடைசியில், கெர்னல் எவ்வளவு நகர்ந்திருக்கிறது என்று காட்டும் கெர்னல் ஆஃப்செட் என்ற வரியை கெர்னலே போட்டுக்கொடுத்துவிடும்.

இதைக் கேட்டு பயப்பட வேண்டாம். உங்கள் சர்வர் பேனிக் ஆகி ரீபூட் ஆகிவிட்டது. அடுத்த பூட்டில் கெர்னல் வேறு இடத்தில் இருக்கும், பழைய ஆஃப்செட்டை வைத்து யாரும் ஒன்றும் செய்ய முடியாது. ஊப்ஸ் வந்தும் மெஷின் ரீபூட் ஆகாமல் தொடர்ந்து ஓடிக்கொண்டிருந்தால்தான் ஆபத்து. பேனிக்-ஆன்-ஊப்ஸ் 0 என்று இருக்கும் சிஸ்டத்தில் தவறு செய்த பிராசஸை மட்டும் கொன்றுவிட்டு கெர்னல் வேலையைத் தொடரும். அந்த நிலையில் லாக்கில் கிடக்கும் அட்ரஸ் இன்னும் உயிரோடு இருக்கிறது, அதைப் பொதுவெளியில் போடும் முன் மெஷினை ரீபூட் செய்துவிடுங்கள். நோ-கேஏஎஸ்எல்ஆர் போட்டு பூட் செய்திருந்தாலோ, விஎம் ஸ்னாப்ஷாட்டிலிருந்து அதே மெமரி நிலையைத் திரும்ப எழுப்புகிறீர்கள் என்றாலோ கவனம் தேவை, அங்கே ஆஃப்செட் மாறாது.

ஹெக்ஸை ஏன் கண்மூடித்தனமாக அழிக்கக் கூடாது என்பதற்கு வருகிறேன். ரெஜிஸ்டரில் 6பி 6பி 6பி என்று ஒரே பைட் வரிசையாக வந்தால், ஸ்லப் டீபக் (மெமரிப் பிழை சோதனை) ஆன் செய்த கெர்னலில் அது விடுவித்த மெமரியைத் தொட்டதற்கான அடையாளம். டெட் என்று தொடங்கி 100 அல்லது 122 என்று முடியும் மதிப்பு, லிஸ்ட்டிலிருந்து நீக்கிய ஒன்றை மறுபடி நடக்க முயன்றதைச் சொல்கிறது. தவறிய அட்ரஸைக் காட்டும் சிஆர்2 ரெஜிஸ்டரில் 28 மாதிரி சின்ன ஹெக்ஸ் எண் (சாதாரண எண்ணில் 40) இருந்தால் நல் பாயிண்டர், அதாவது எதையும் சுட்டாத அட்ரஸ், அதில் 40ஆவது பைட்டில் இருக்கும் ஃபீல்டைப் படிக்கப் போய் விழுந்திருக்கிறது என்று எடுத்துக்கொள்ளலாம். அனுபவசாலிகள் இதை வைத்துத்தான் அரை நிமிடத்தில் பக்கின் வகையைச் சொல்வார்கள். கோட் என்று தொடங்கும் வரியையும் தொடாதீர்கள், அதில் இருப்பது விழுந்த இடத்தைச் சுற்றியுள்ள மெஷின் இன்ஸ்ட்ரக்ஷன்கள், உங்கள் நோயாளியின் விவரம் இல்லை.

மறைத்தே ஆக வேண்டும் என்று உங்கள் செக்யூரிட்டி ஆள் சொன்னால், ஒரே அட்ரஸுக்கு எல்லா இடத்திலும் ஒரே பெயர் வரும்படி மாற்றுங்கள்: பாயிண்டர் 1, பாயிண்டர் 2 என்று. எந்த ரெஜிஸ்டரும் எந்த ரெஜிஸ்டரும் ஒன்றையே காட்டுகின்றன என்பதாவது தெரியும். சின்ன மதிப்புகளையும் மேலே சொன்ன 6பி, டெட் மாதிரி கெர்னலே அடையாளத்துக்குப் போடும் பாய்சன் மதிப்புகளையும் விட்டுவிடுங்கள். அனுப்பும் முன் கெர்னல் சோர்ஸில் ஸ்கிரிப்ட்ஸ் ஃபோல்டரில் இருக்கும் டீகோட்-ஸ்டேக்ட்ரேஸை உங்கள் இடத்திலேயே ஓட்டி, ஃபங்ஷன் பெயர்களோடு ஃபைல் பெயரும் வரி எண்ணும் வரச் செய்துவிடுங்கள். அட்ரஸ் இல்லாமலே பாதி வேலை முடிந்துவிடும்.

மறைக்க வேண்டியது ஊப்ஸுக்கு மேலே இருக்கும் முழு டிமெசேஜில் இருக்கிறது. பூட்டில் அச்சான கெர்னல் கமாண்ட் லைன் (நெட்வொர்க் டிஸ்க்குக்கான ஐஸ்கஸி பாஸ்வேர்டை அதில் எழுதி வைத்திருப்பவர்களை நேரில் பார்த்திருக்கிறேன்), டிஸ்க் சீரியல், மேக் அட்ரஸ், யூஎஸ்பி சீரியல், ஃபயர்வால் லாக் வரிகளில் எந்த ஐபியிலிருந்து எந்த ஐபிக்கு என்ற தகவல். மிக மோசமானது ஆடிட் வரிகள், அதாவது யார் எதை ஓட்டினார்கள் என்ற பாதுகாப்புப் பதிவு. அதைத் தனி ஃபைலில் எழுதும் ஆடிட்டி டீமன் ஓடாத சிஸ்டத்தில் ஆடிட் செய்திகள் கெர்னல் லாக்கில் வந்து விழும், அதில் ப்ராக்டைட்டில் என்ற இடத்தில் பிராசஸின் கமாண்ட் லைன் ஹெக்ஸ் எழுத்தாக இருக்கும். பாஸ்வேர்டு என்று தேடினால் கிடைக்காது, ஹெக்ஸைப் பிரித்தால் எல்லாம் தெரியும். தம்பியின் ஸ்கிரிப்ட் 16 இலக்கம் மட்டும் பார்ப்பதால் இந்த நீள வரி அதன் கண்ணில் படுமா என்பதே சந்தேகம்.

மெயிலிங் லிஸ்ட் விஷயம்: போடுவதற்கு முன் ஒன்று தெரிந்துகொள்ளுங்கள். வெளி டிரைவர் ஏறியிருப்பதால் ஊப்ஸில் டெயின்டட் என்ற வரியில் அதைக் காட்டும் குறி இருக்கும், அதைப் பார்த்ததும் அந்த மாட்யூல் (டிரைவர்) இல்லாமல் இதே பிரச்சினையைக் காட்டுங்கள் என்றுதான் பெரும்பாலும் பதில் வரும். அதனால் முதலில் வெண்டரிடம் போங்கள். போட்டே ஆக வேண்டுமென்றால் ஊப்ஸ் பகுதி, கெர்னல் வெர்ஷன், டெயின்டட் வரி, மாட்யூல் பட்டியல் இவ்வளவு போதும்.

தரமணி_ரூட்:

கிண்டி சார் டெக்ஸ்ட் பக்கத்தைச் சொல்லிவிட்டார், நான் விஎம்கோர் பக்கம் வருகிறேன், ஏனென்றால் உங்கள் நிஜமான சிக்கல் அங்கேதான். அட்ரஸ் ரீபூட்டில் செத்துவிடும். டம்ப்பில் போன நோயாளியின் பெயரும் பாஸ்வேர்டும் எத்தனை ரீபூட் ஆனாலும் சாகாது.

டம்ப்பை எழுத கேடம்ப் வழக்கமாக மேக்டம்ப்ஃபைல் என்ற டூலைத்தான் அழைக்கிறது. மெமரியின் எந்தப் பக்கங்களை விலக்குவது என்று சொல்லும் அதன் டம்ப் லெவலைப் பாருங்கள். 1 பூஜ்ய பக்கங்கள், 2உம் 4உம் பேஜ் கேஷ் (மெமரியில் நிற்கும் ஃபைல் உள்ளடக்கம்), 8 யூசர் பிராசஸ்களின் பக்கங்கள், 16 காலியான பக்கங்கள். எல்லாம் கூட்டினால் 31, எல்லாவற்றையும் விலக்கு என்று பொருள். ரெட்ஹேட் வகையிலும் டெபியன் வகையிலும் பேக்கேஜோடு வரும் செட்டிங் பெரும்பாலும் 31தான், ஆனால் பழைய சர்வரில் யாராவது ஏதோ டீபக் செய்வதற்காக 1 என்று மாற்றி அப்படியே விட்டிருப்பார்கள். முதலில் இதைப் பாருங்கள். 1இல் எடுத்த டம்ப் என்றால் உங்கள் டேட்டாபேஸ் பிராசஸின் முழு மெமரியும் அதில் இருக்கிறது, அதைக் கட்டடத்துக்கு வெளியே அனுப்பவே கூடாது.

31 என்றால் பாதுகாப்பு என்று நினைப்பவர்கள் நிறைய. அங்கேதான் எனக்குக் கவலை. யூசர் பக்கங்கள் போய்விடும், சரி, ஆனால் கெர்னல் தனக்காக வைத்திருப்பது எல்லாம் இருக்கும். நெட்வொர்க் பஃபர்களில் அந்த நொடியில் போய்க்கொண்டிருந்த பாக்கெட்டுகள் இருக்கும், உங்கள் ஆப்புக்கும் டேட்டாபேஸுக்கும் நடுவில் டிஎல்எஸ் என்க்ரிப்ஷன் இல்லையென்றால் அந்தப் பாக்கெட்டில் நோயாளியின் ரிசல்ட் அப்படியே படிக்கும்படி இருக்கும். பைப் பஃபர்கள், டிடிஒய்யில் (டெர்மினல்) தட்டியது, டென்ட்ரி கேஷில் ஃபைல் பெயர்கள் எல்லாம் இருக்கும். நோயாளியின் பெயரையும் தேதியையும் சேர்த்து பிடிஎஃப்புக்குப் பெயர் வைக்கும் லேப் சாஃப்ட்வேர்கள் உண்டு, அப்படியென்றால் ஃபைல் பெயரே விவரம்தான். இதற்கெல்லாம் மேலே கீக்கள்: டிஸ்க்கை என்க்ரிப்ட் செய்யும் டிஎம்-கிரிப்ட்டின் வால்யூம் கீ, விபிஎன்னான வயர்கார்டின் பிரைவேட் கீ, ஐபிசெக் கீக்கள், கெர்னல் கீரிங்கில் வைத்தது. டிஸ்க் முழுக்க என்க்ரிப்ட் செய்திருக்கிறோம் என்று நிம்மதியாக இருப்பவர், அதே டிஸ்க்கைத் திறக்கும் கீயை விஎம்கோரில் வைத்து வெண்டர் போர்ட்டலில் ஏற்றுகிறார்.

அதனால் என் பதில்: விஎம்கோரை அனுப்பாதீர்கள். கிராஷ் என்ற டூலை அந்த டம்ப் இருக்கும் மெஷினிலேயே ஓட்டுங்கள், வெண்டர் இன்ஜினியர் என்ன கமாண்ட் வேண்டும் என்று எழுதி அனுப்பட்டும், நீங்கள் ஓட்டி, வெளிவரும் டெக்ஸ்ட்டைப் படித்துப் பார்த்துவிட்டு அனுப்புங்கள். எல்லா சிபியூவின் பேக்ட்ரேஸ், அவர்கள் டிரைவரின் ஸ்ட்ரக்ட்கள், க்யூ நிலை, லாக்குகள் யார் கையில் என்பது, இவ்வளவுதான் அவர்களுக்கு முதல் சுற்றில் தேவை. மீட்டிங் போட்டு ஸ்கிரீன் ஷேர் செய்தாலும் சரி, ரிமோட் கன்ட்ரோல் மட்டும் கொடுக்காதீர்கள். நாங்கள் பல வெண்டர்களிடம் இப்படித்தான் செய்கிறோம், முதலில் முடியாது என்பார்கள், உள்ளே இருக்கும் டெவலப்பரிடம் விஷயம் போய்ச் சேர்ந்ததும் அவரே கமாண்ட் பட்டியலை அனுப்பிவிடுவார்.

டம்ப்தான் வேண்டும் என்று கடைசிவரை நின்றால் மேக்டம்ப்ஃபைலிலேயே எரேஸ் வசதி இருக்கிறது. டீபக் தகவலோடு கூடிய விஎம்லினக்ஸை (கெர்னலின் பைனரி) கொடுத்து, எந்த ஸ்ட்ரக்டின் எந்த ஃபீல்டை அழிக்க வேண்டும் என்று ஒரு கான்ஃபிக் ஃபைலில் எழுதினால் அந்த இடத்தை எக்ஸ் எழுத்தால் நிரப்பிவிடும். எதை அழித்தோம் என்ற குறிப்பும் டம்ப்பில் சேரும், அதனால் படிப்பவர் அதை மெமரி கரப்ஷன் என்று தவறாக நினைக்க மாட்டார். ஆனால் இது உங்களுக்குத் தெரிந்த இடங்களை மட்டும்தான் அழிக்கும். விடுவித்த ஸ்லாப் ஆப்ஜெக்ட்டில் (கெர்னல் தனக்கு ஒதுக்கிக்கொள்ளும் சின்ன மெமரித் துண்டு) பழைய பாக்கெட்டின் மிச்சம் கிடந்தால் அதற்குப் பெயர் கிடையாது, எரேஸ் ஃபைலில் எழுதவும் முடியாது. அதற்கு வழி முன்கூட்டியே இனிட்-ஆன்-ஃப்ரீ 1 என்று பூட் ஆப்ஷன் கொடுப்பது. 2019இல் வந்த 5.3 முதல் இருக்கிறது, மெமரியை விடுவிக்கும்போதே பூஜ்யமாக்கிவிடும். வேகம் கொஞ்சம் குறையும், உங்கள் லோடில் எவ்வளவு என்று அளந்துவிட்டு முடிவு செய்யுங்கள்.

மயிலை_மாதவன்_இல்லை:

டெக்னிக்கல் விவரம் மேலே நன்றாக வந்துவிட்டது, நான் ஒரு கோணம் மட்டும் சேர்க்கிறேன். டம்ப் எங்கே உருவாகிறது என்பதைவிட அது அப்புறம் எங்கெல்லாம் பயணிக்கிறது என்பதைப் பாருங்கள்.

2023இல் மைக்ரோசாஃப்ட்டின் ஒரு சைனிங் கீயை வைத்து அரசு அலுவலகங்களின் மெயிலைப் படித்த தாக்குதல் நடந்தது. அந்தக் கீ எப்படி வெளியே போனது என்பதற்கு அந்த ஆண்டு செப்டம்பரில் அவர்கள் கொடுத்த விளக்கம், 2021 ஏப்ரலில் நடந்த ஒரு கிராஷின் டம்ப்பில் கீ சேர்ந்துவிட்டது, அந்த டம்ப் தனிமைப்படுத்திய நெட்வொர்க்கிலிருந்து இன்டர்நெட்டோடு தொடர்புள்ள டீபக் சூழலுக்கு நகர்ந்தது, அங்கிருந்து எடுத்திருக்கலாம் என்பது. 2024 மார்ச்சில் அதைத் திருத்தி, அந்தக் கீ இருக்கும் டம்ப் எதையும் நாங்கள் கண்டுபிடிக்கவில்லை என்று சொன்னார்கள். ஆக கீ அப்படித்தான் போனதா என்பது நிரூபணமாகவில்லை. ஆனால் அவர்கள் சொன்ன பாதை, அதாவது பூட்டிய அறையில் பிறந்த டம்ப் திறந்த அறைக்குப் போவது, எல்லா கம்பெனியிலும் தினமும் நடக்கிறது. உங்கள் விஷயத்தில் அந்தத் திறந்த அறை வெண்டரின் போர்ட்டல். அதை யார் யார் திறக்கலாம், எத்தனை நாள் வைத்திருப்பார்கள், எந்த நாட்டில் இருக்கிறது என்று எழுத்தில் கேளுங்கள்.

லாக் அனுப்பும் ஏஜென்ட்டையும் மறக்காதீர்கள். கெர்னல் லாக்கை வெளியே ஏதாவது கிளவுட் சேவைக்கு அனுப்பிக்கொண்டிருந்தால், வெண்டர் கேட்பதற்கு முன்பே ஊப்ஸ் போய்விட்டது. கெர்னல் லாக்கை நெட்வொர்க்கில் அனுப்பும் நெட்கன்சோல் போட்டிருந்தால் யூடிபியில் எந்த என்க்ரிப்ஷனும் இல்லாமல் போகும்.

அப்புறம் சட்டம். 2023இன் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தில், போதுமான பாதுகாப்பு ஏற்பாடு இல்லாமல் தரவு கசிந்தால் 250 கோடி ரூபாய் வரை அபராதம் விதிக்க வழி இருக்கிறது. இந்திய அரசின் சைபர் பாதுகாப்பு அமைப்பான செர்ட்-இன் 2022 ஏப்ரலில் போட்ட உத்தரவுப்படி சைபர் சம்பவத்தை 6 மணி நேரத்துக்குள் தெரிவிக்க வேண்டும். உங்கள் மேனேஜரிடம் ஸ்லாப், டென்ட்ரி என்று பேசுவதைவிட இந்த இரண்டு எண்களைச் சொன்னால் வெண்டரோடு பேச உங்களுக்குப் பலம் கிடைக்கும்.

பெருங்குடி_அட்மின்:

எல்லாருக்கும் மிக்க நன்றி. எங்கள் கேடம்ப் செட்டிங் 31தான், பார்த்துவிட்டேன். கிண்டி சார் சொன்ன ஆடிட் வரிகள் நிஜமாகவே டிமெசேஜில் இருக்கின்றன, ஒரு ப்ராக்டைட்டிலைப் பிரித்துப் பார்த்தேன், முன்பு வேறொரு டீம் போட்டு வைத்த பேக்கப் ஸ்கிரிப்டின் கமாண்ட் லைன், அதில் டேட்டாபேஸ் பாஸ்வேர்டு அப்படியே இருக்கிறது. பாஸ்வேர்டை மாற்றச் சொல்லிவிட்டேன், ஆடிட்டி டீமனையும் ஆன் செய்கிறோம்.

வெண்டரிடம் கிராஷ் கமாண்ட் வழியைச் சொன்னேன், கேட்டுச் சொல்கிறோம் என்றார்கள். இப்போது இரண்டு சந்தேகம். டேட்டா இருக்கும் டிஸ்க் என்க்ரிப்ட் ஆனது, ஆனால் விஎம்கோர் விழும் பார்ட்டிஷன் இல்லை, இதை என்ன செய்வது? இன்னொன்று, டம்ப்பில் நோயாளி விவரம் மிச்சமிருக்கிறதா என்று நானே சோதித்துப் பார்க்க வழி உண்டா? ஃபைலில் இருக்கும் படிக்கக்கூடிய எழுத்துகளைக் காட்டும் ஸ்ட்ரிங்ஸ் ஓட்டிப் பெயர் தேடினேன், ஒன்றும் வரவில்லை, அதை நம்பலாமா?

தரமணி_ரூட்:

ஸ்ட்ரிங்ஸில் ஒன்றும் வராததை நம்பாதீர்கள். மேக்டம்ப்ஃபைல் வழக்கமாக பக்கங்களைக் கம்ப்ரஸ் செய்து எழுதும், கம்ப்ரஸ் ஆனதில் ஸ்ட்ரிங்ஸ் எதையும் பார்க்காது.

என்க்ரிப்ஷன் விஷயத்தில் லினக்ஸ் இன்னும் சிரமமாகத்தான் இருக்கிறது. பேனிக் ஆனதும் எழும் இரண்டாவது கெர்னலிடம் உங்கள் டிஸ்க்கின் கீ வழக்கமாக இருக்காது, அதனால்தான் பலர் என்க்ரிப்ட் ஆகாத பார்ட்டிஷனில் எழுதவிடுகிறார்கள். லினக்ஸ் மாதிரி இன்னொரு ஓஎஸ்ஸான ஃப்ரீபிஎஸ்டி இதை 12ஆம் பதிப்பிலிருந்து சரியாகச் செய்கிறது, டம்ப்பை ஒருமுறை மட்டும் பயன்படும் கீயால் என்க்ரிப்ட் செய்து, அந்தக் கீயை நீங்கள் கொடுத்த பப்ளிக் கீயால் பூட்டிவிடும், திறக்கும் பிரைவேட் கீ அந்த மெஷினில் இருக்கவே வேண்டாம். லினக்ஸில் அதற்குக் கிட்டத்தட்ட வர இரண்டு வழி. கேடம்ப்பின் டார்கெட்டை எஸ்எஸ்எச் வழியாக உள் நெட்வொர்க்கில் இன்னொரு மெஷினுக்கு மாற்றி, அங்கே என்க்ரிப்ட் ஆன டிஸ்க்கில் விழச் செய்யலாம். நெட்வொர்க் ஃபைல் பகிர்வான என்எஃப்எஸ் வேண்டாம், சாதாரணமாக அது கம்பியில் திறந்தபடி போகும். இல்லையென்றால் ரீபூட் ஆனதும் முதல் வேலையாக ஜிபிஜி பப்ளிக் கீயால் டம்ப்பை என்க்ரிப்ட் செய்து மூலத்தை அழிக்கும் ஒரு சர்வீஸ் எழுதுங்கள். நடுவில் சில நிமிடம் திறந்து கிடக்கும், எஸ்எஸ்டியில் அழித்தது முழுதாக அழிந்ததா என்பதும் நம் கையில் இல்லை, ஆகவே முதல் வழிதான் என் சாய்ஸ்.

சோதனைக்கு ஒரு டெஸ்ட் மெஷின் எடுத்துக்கொள்ளுங்கள், நிஜ டேட்டா எதுவும் இருக்கக் கூடாது. வேறெங்கும் வர வாய்ப்பில்லாத ஒரு நீளமான சொல்லை உருவாக்கி, அதை வெவ்வேறு வால் சேர்த்து வெவ்வேறு இடங்களில் போடுங்கள்: ஒரு ஃபைலின் பெயராக, ஒரு ஃபைலின் உள்ளே, ஓடிக்கொண்டிருக்கும் பிராசஸின் மெமரியில், படிக்காமல் விட்ட சாக்கெட்டிலும் பைப்பிலும், கீ-கன்ட்ரோல் வழியாக கீரிங்கில். பிறகு சிஸ்ரிக்யூவில் (கெர்னலுக்கு நேரடியாகக் கட்டளை கொடுக்கும் வழி) சி கொடுத்து வேண்டுமென்றே பேனிக் செய்யுங்கள். டம்ப்பை கிராஷில் திறந்து சர்ச் கமாண்டுக்கு எழுத்தாகத் தேடும் ஆப்ஷன் கொடுத்துத் தேடினால் கம்ப்ரஷன் தடையாக இருக்காது. எந்த வால் கிடைக்கிறது, எது கிடைக்கவில்லை என்று பார்த்தாலே உங்கள் 31 எதை விடுகிறது என்று தெரிந்துவிடும். பிராசஸ் மெமரியில் போட்டதும் ஃபைலின் உள்ளே போட்டதும் அந்த இடங்களில் இருக்கக் கூடாது, ஃபைல் பெயரும் சாக்கெட்டும் கீரிங்கும் அனேகமாகக் கிடைக்கும். கிடைத்த அட்ரஸை கேமெம் கமாண்டுக்குக் கொடுங்கள், அது எந்த ஸ்லாப் கேஷில் உட்கார்ந்திருக்கிறது என்று காட்டும். எரேஸ் கான்ஃபிக்கில் அடுத்து என்ன எழுத வேண்டும் என்பதை அந்தப் பெயரிலிருந்து தொடங்கலாம்.